மூன்று காசு ஆறும் ஐம்பது வெள்ளி மீன்முள்ளும்

ஜொகூரின் மாசாயில் எனக்கு ஓர் உத்தியோகம் உண்டு. சம்பளம் கிடையாது, ஒரு தே தாரிக் கிடைக்கும், அதுவும் சர்க்கரை குறைத்து. எங்கள் தாமான் கடைவரிசையின் கடைசியில் இருக்கும் ஒட்டுக்கடையில் காலை எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்தால், பத்து மணிக்குள் இரண்டு மூன்று பேராவது மடித்த காகிதத்தோடு வந்துவிடுவார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் அதைப் படித்துச் சொல்ல வேண்டும். தோட்டத்து லயங்களில் முன்பு ஊர்க்கடிதம் படித்துச் சொல்ல ஒருவர் இருப்பார். அந்தப் பதவிதான் வளர்ந்து இப்போது என்னிடம் வந்திருக்கிறது. ஊரிலிருந்து இன்று யாருக்கும் கடிதம் வருவதில்லை. பில் மட்டும் தவறுவதில்லை. கடிதத்தில் 'நலம், நலமறிய ஆவல்' என்று ஒரு வரியாவது இருக்கும். பில்லில் நம் நலத்தை யாரும் விசாரிப்பதில்லை.

போன வாரம் ஒரு பெரியம்மா வந்தார். தண்ணீர் பில்லை நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வைத்திருந்தார். மகன் பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. மருமகள் விடியாமலே எழுந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போகிறவள். பேரப்பிள்ளைகள் நான்கு. இவரோடு சேர்த்தால் ஏழு உருப்படி, ஒரு மீட்டர்.

"போன மாசத்தவிட ஏறியிருக்காம், மவன் கத்துறான். நான் என்னா தப்பு பண்ணேன் தம்பி?"

பில்லோடு வருகிற எளிய மனிதர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கணக்கு சரியா என்று யாரும் கேட்பதில்லை. கையில் கொடுத்தது குற்றப்பத்திரிகை என்றே நினைக்கிறார்கள். அச்சடித்த காகிதம் என்றால் அதில் நம்மைப் பற்றி ஏதோ தப்பாகத்தான் எழுதியிருக்கும் என்பது தோட்டத்துக் கிராணி செக்ரோலில் பேர் எழுதிய காலத்திலிருந்து வந்த பயம். செக்ரோல் போனது, பயம் போகவில்லை.

பெரியம்மாவுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். மீட்டரில் கறுப்பாக ஓடும் எண்கள்தான் பில்லில் ஏறும் கணக்கு. சிவப்பு எண்கள் சில்லறை. ஒரு கன மீட்டர் என்றால் ஆயிரம் லிட்டர், பெரிய நீலத் தோங் ஐந்து. இந்த மாத எண்ணிலிருந்து போன மாத எண்ணைக் கழித்தால் குடித்தது, குளித்தது, துவைத்தது எல்லாம் வந்துவிடும். 'அங்காரான்' என்று போட்டிருந்தால் மீட்டரை யாரும் பார்க்கவில்லை, மனசாலேயே கணித்துவிட்டார்கள் என்று பொருள். 'துங்காக்கான்' என்றால் பழைய பாக்கி. வீட்டுக்குள் குழாய் கசிகிறதா என்று தெரிய, எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு மீட்டருக்குள் இருக்கும் குட்டிச் சக்கரத்தைப் பாருங்கள். அது சுற்றினால் உங்கள் காசும் சுற்றுகிறது. மீட்டரைத் தாண்டிய கசிவு உங்கள் கணக்கு. மீட்டருக்கு முன்னால் கசிவது நாட்டின் கணக்கு. அந்த நாட்டுக் கணக்கு எவ்வளவு என்று தெரிந்தால் உங்களுக்கு உங்கள் குழாய் மேலேயே மரியாதை வந்துவிடும்: சுத்திகரித்துக் குழாயில் விட்ட தண்ணீரில் 37 விழுக்காட்டுக்கு மேல் 2022இல் நாடு முழுவதும் காசாகாமல் போனது. ஜொகூர் அந்தச் சராசரியைவிடத் தேவலாம். தேவலாம் என்பது, பத்துப் பாடத்தில் நாலு பாடம் கோட்டை விட்ட வகுப்பில் இவன் ரெண்டரைதான் விட்டான் என்கிற மாதிரியான தேவலாம்.

அடுத்தது படிக்கட்டு. முதல் 20 கன மீட்டருக்கு ஒரு விலை. 20இலிருந்து 35 வரை அதைவிடப் பெரிய விலை. 35ஐத் தாண்டினால் அதற்கும் மேலே. வீணடிப்பவனைத் தண்டிக்கத்தான் இந்தப் படிக்கட்டு என்று சொல்கிறார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. பெரியம்மாவின் பில்லுக்குப் பின்புறம் பென்சிலால் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு 165 லிட்டர் போதும், அதற்கு மேல் செலவழிக்கும் மலேசியர்கள் ஊதாரிகள் என்று நம் அதிகாரிகள் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். சரி, அந்த 165ஐயே வைத்துக்கொள்வோம். ஏழு பேர், முப்பது நாள். 34.65 கன மீட்டர். அதாவது ஒரு சொட்டுக்கூட வீணாக்காமல், அதிகாரி சொன்ன கணக்கின்படியே வாளியில் அளந்து குளிக்கிற ஏழு பேர் வீடு, இரண்டாம் படியின் விளிம்பில் போய் நிற்கிறது. தீபாவளிக்கு முறுக்குச் சட்டி கழுவினால் மூன்றாம் படி. அங்கே ஒரு சொகுசு கொண்டோவில் புருஷன் பொண்டாட்டி இரண்டே பேர், ஆளுக்கு 250 லிட்டர், தொட்டியில் ஊறி ஊறிக் குளிக்கிறார்கள். மாதம் 15 கன மீட்டர். முதல் படியிலேயே, மலிவு விலையில், கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.

மீட்டருக்கு வீடு தெரியும், ஆள் தெரியாது. கிழவியை வீட்டோடு வைத்துக் காப்பாற்றும் குடும்பம் ஊதாரி. கிழவியை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டால் சிக்கனக் குடும்பம்.

"அப்ப நான் இருக்கறதுதான் தப்பா?" என்றார் பெரியம்மா. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2024 பிப்ரவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் வீட்டுத் தண்ணீர்க் கட்டணத்தை ஏற்றினார்கள். சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 22 காசு. அறிவித்தபோது, 'வெறும் 22 காசுதானே' என்ற தொனி. நானும் அப்படித்தான் நினைத்தேன், தண்ணீருக்கு இந்த ஜொகூரில் இன்னொரு விலையும் இருப்பது நினைவுக்கு வரும் வரை.

அந்த விலையைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். 1962 செப்டம்பர் 29 ஒப்பந்தம். ஜொகூர் ஆற்றிலிருந்து நாள் ஒன்றுக்கு 25 கோடி காலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். விலை, ஆயிரம் காலனுக்கு 3 காசு. 2061 வரை. ஆயிரம் காலன் என்பது நாலரைக் கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக ஒரு கன மீட்டர் ஆற்றின் விலை முக்கால் காசுகூட இல்லை. பெரியம்மா தலையில் ஏற்றிய 'வெறும் 22 காசு' இருக்கிறதே, அது அந்த ஆற்று விலையைப் போல 33 மடங்கு. விலை இல்லை, ஏற்றம் மட்டும்.

பச்சைத் தண்ணீர் வேறு, சுத்திகரித்த தண்ணீர் வேறு என்று பொருளாதாரம் படித்த தம்பி யாராவது கையைத் தூக்குவான். தெரியும் தம்பி, உட்கார். சுத்திகரித்ததையே பார்ப்போம். அதே ஒப்பந்தத்தில், நம் தண்ணீரைச் சுத்தம் பண்ணி நமக்கே ஆயிரம் காலன் 50 காசுக்குச் சிங்கப்பூர் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. நமக்குள்ள உரிமை நாளைக்கு 50 லட்சம் காலன். நம் வேண்டுகோளுக்கு இணங்கி 160 லட்சம் காலன் வரை தந்துவருகிறார்கள். இப்போது பெருக்குங்கள். முழு அளவு எடுத்தால் 25 கோடி காலனுக்கு நமக்கு வருவது ஒரு நாளைக்கு 7,500 வெள்ளி. திருப்பி வாங்கும் 160 லட்சம் காலனுக்கு நாம் கொடுப்பது ஒரு நாளைக்கு 8,000 வெள்ளி. ஆற்றையும் கொடுத்து, மேலே ஐந்நூறு வெள்ளியும் கொடுத்து, வெற்றிலைபாக்கும் வைத்து அனுப்பும் சம்பந்தி உலகத்தில் நாம் ஒருவர்தான்.

சிங்கப்பூரைத் திட்ட எனக்கு ஆசையில்லை. மாசாயில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவதே அந்த வெள்ளியில்தான். அவர்கள் கணக்கும் அப்படியொன்றும் மோசமில்லை: லிங்கியூ அணையைக் கட்டியதே அவர்கள் காசில், சுத்திகரிக்கிற செலவு ஆயிரம் காலனுக்கு 2 வெள்ளி 40 காசு ஆகிறது, நட்டத்துக்குத்தான் தருகிறோம் என்கிறார்கள். இன்னொன்றும் சொல்கிறார்கள், அதுதான் நம் ஆட்களுக்கு உறைக்க வேண்டியது: 50 காசுக்கு வாங்கிய அந்தத் தண்ணீரை ஜொகூர் தன் மக்களுக்கே 3 வெள்ளி 95 காசுக்கு விற்றது என்கிறார்கள். கையெழுத்துப் போட்டது நாம். 25 ஆண்டு கழித்து, 1987இல், விலையை மாற்றிக் கேட்க வழி இருந்தது. கேட்கவில்லை. அந்த ஆண்டில் பிரதமர் டாக்டர் மகாதீர். 2018இல் மீண்டும் பிரதமராக வந்து, இந்த விலை பெரிய கேலிக்கூத்து என்று பத்திரிகைக்காரர்களிடம் பொங்கியவரும் டாக்டர் மகாதீர்தான். கெடு தாண்டினால் நமக்குச் சிவப்பு நோட்டீஸ். நாட்டுக்குக் கெடு தாண்டினால் முப்பத்தொரு வருடம் கழித்து ஒரு பேட்டி.

இந்தத் தண்ணீர் விலையைப் பற்றி எங்கே போய்க் கேட்பது என்றார் பெரியம்மா. அவருக்கு வரைபடம் போட்டுக் காட்டினேன். ஆறு மாநிலத்துடையது, அதைப் பார்த்துக்கொள்ள பாகாஜ் என்ற மாநில அமைப்பு இருக்கிறது. தண்ணீரைச் சுத்தம் பண்ணி வீட்டுக்கு அனுப்பிப் பில் கொடுப்பது ரன்ஹில் எஸ்.ஏ.ஜே. குழாய், நிலையம் போன்ற சொத்துகளை வைத்திருந்து குத்தகைக்கு விடுவது பி.ஏ.ஏ.பி. என்ற கூட்டரசு நிறுவனம். இவர்கள் தலையில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பது ஸ்பான் ஆணையம். இந்தக் குடும்பத்துக்கு இன்றைய வடிவம் வந்தது 2006ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டங்களுக்குப் பிறகு. ரன்ஹில் எஸ்.ஏ.ஜே.யில் ஐந்தில் நாலு பங்கு ரன்ஹில் குழுமத்துக்கு. 2024இல் அந்தக் குழுமமே ஒய்.டி.எல். பவர் கைக்குப் போய்விட்டது. அதே ஒய்.டி.எல். பவர்தான் கூலாயில் பிரம்மாண்டமான டேட்டா சென்டர் பூங்கா நடத்துகிறது. டேட்டா சென்டர் என்றால் கணினிகள் சூடாகாமல் பார்த்துக்கொள்ளும் வீடு; பல இடங்களில் குளிர்விக்கத் தண்ணீர்தான் வேண்டும். இதில் சட்டவிரோதம் எதுவும் கிடையாது. ஒரே வீட்டில் பந்திபோடுகிறவரும் பந்தியில் உட்காருகிறவரும் இருப்பதில் தப்பென்ன? பந்தியின் கடைசி இலையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ரசம் வருமா என்பது மட்டும்தான் கேள்வி.

மாசாய்க்காரனுக்கு அந்தக் கடைசி இலை அனுபவம் இருக்கிறது. 2015 ஆகஸ்டில் சுங்கை லாயாங் அணை வற்றியபோது மாசாய், பாசிர் கூடாங், ஜொகூர் பாருவின் ஒரு பகுதி எல்லாம் பங்கீட்டுத் தண்ணீரில் மாதக்கணக்கில் கிடந்தன. அணை எங்கேயோ பஹாங்கில் இல்லை, நம் கொல்லைப்புறத்தில். வாளி, தோங், பெயிண்ட் டின், பேரனின் நீச்சல் தொட்டி என்று தண்ணீர் பிடிக்கத் தெரிந்த பாத்திரமெல்லாம் வரிசையில் நின்றன. லயத்துப் பொதுக்குழாயில் சண்டை போட்டு வளர்ந்த எங்கள் பெண்கள்தான் அன்று தாமானைக் காப்பாற்றினார்கள். வரிசையை எப்படி நிறுத்துவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குழாய்க்குப் பங்கீடு உண்டு. பில் வரும் தேதிக்குப் பங்கீடு கிடையாது.

கழிவுநீருக்கு வருவோம். சீக்கிரம் கடந்துவிடலாம், அது யாரும் நின்று பார்க்கிற இடமில்லை.

நாட்டின் பெரும்பகுதியில் கக்கூஸ் பில் அனுப்பும் நிறுவனத்தின் பெயர் இண்டா வாட்டர். இண்டா என்றால் மலாயில் அழகு. அழகிய நீர். மலத்தொட்டி வேலைக்கு இப்படி ஒரு பெயர் வைத்த மனிதரை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். கண்டால் மாலை போடுவேன். 1993 டிசம்பரில், நாட்டின் பெரும்பகுதிக் கழிவுநீரை 28 ஆண்டுகளுக்குத் தனியார் கையில் தூக்கிக் கொடுத்தார்கள். அதுவரை நகராட்சி வரியோடு கரைந்துபோன செலவு தனி உறையில் வீடு தேடி வந்தது. மக்கள் கொதித்தார்கள், பலர் கட்டவே மறுத்தார்கள், கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் தேறவில்லை. 2000இல் நிதியமைச்சு அதை வாங்கிக்கொண்டது. இலாபம் வரும் என்று தனியார் எடுத்தார்கள். நாற்றம் வந்ததும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கிளந்தான், சபா, சரவாக் மாநிலங்களும் ஜொகூர் பாரு மாநகர எல்லையும் ஆரம்பத்திலிருந்தே அந்த அழகிய நீருக்கு வெளியே நின்றவை. மாசாய்ப் பக்கமோ பெர்மாஸ் ஜெயாவுக்கு ஒரு மாநகர் மன்றம், ஸ்ரீ ஆலமுக்கு இன்னொன்று. எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பது நிலத்தடிக் குழாய்க்குத் தெரியுமோ தெரியாதோ, உறைக்குத் தெரியும்.

இண்டா வாட்டர் பல்லாண்டு காலம் வாங்கிய வீட்டுக் கட்டணம் மாதம் 8 வெள்ளி, மலிவுவிலை வீட்டுக்கு 2 வெள்ளி. அந்த எட்டு வெள்ளி வீட்டில் ஒருவர் இருந்தாலும் எட்டு, பத்துப் பேர் இருந்தாலும் எட்டு. தண்ணீர் உள்ளே வரும்போது லிட்டர் லிட்டராக எண்ணுவார்கள். அதே தண்ணீர் வெளியே போகும்போது எண்ண மாட்டார்கள். உள்ளே வரும்போது கிழவி குற்றவாளி, வெளியே போகும்போது விடுதலை.

மூன்றாவது குப்பை. இதற்குத் தனிப் பில்லே கிடையாது, சுக்காய் பிந்துவுக்குள் ஒளிந்திருக்கிறது. பிந்து என்றால் கதவு. ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரி முடிவதற்குள்ளும் ஆகஸ்ட் முடிவதற்குள்ளும் கட்ட வேண்டிய கதவு வரி. தீபகற்பத்தின் மற்ற மாநிலங்களில் வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பை வைத்து இதைக் கணக்கிடுகிறார்கள். ஜொகூரில் மட்டும் நிலமும் கட்டடமும் சேர்ந்த மதிப்பு. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் இரண்டு வழியையும் கொடுத்து வைத்திருக்கிறது. வாடகை வழியில் 35 விழுக்காடு வரை போகலாம், மதிப்பு வழியில் 5 விழுக்காடு வரை. அவ்வளவெல்லாம் வாங்குவதில்லை என்பது வேறு விஷயம். ஆக, வீட்டின் பின்னால் நாலு தூண் நட்டு அடுப்படியை நீட்டினால் குப்பை கூடாது, மதிப்பு கூடும். நீங்கள் எவ்வளவு குப்பை போடுகிறீர்கள் என்று ஒருவரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. எவ்வளவு பெரிய கதவுக்குப் பின்னாலிருந்து போடுகிறீர்கள் என்று மட்டும் பார்க்கிறார்கள்.

தண்ணீருக்கு லிட்டர், கழிவுக்குத் தலைக்கட்டு, குப்பைக்குக் கதவு. மூன்றுக்கும் மூன்று அளவுகோல். இதைப் பெரியம்மாவுக்கு விளக்கி முடிப்பதற்குள் தே தாரிக் ஆறி ஆடை படிந்துவிட்டது.

குப்பையை நிறுத்துப் பார்ப்பதில்லையே தவிர, கிளறிப் பார்ப்பார்கள். 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பர் 1 முதல் ஜொகூர் உள்ளிட்ட சில மாநிலங்களில் நடைமுறைக்கு வந்தது. நம் தெருவுக்கு லோரி விடுவது எஸ்.டபிள்யூ.எம். நிறுவனம். வாரத்துக்கு இரண்டு நாள் சமையல் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிச் சாமான். 2015 செப்டம்பரிலிருந்து வீட்டிலேயே பிரித்து வைக்க வேண்டும் என்பது சட்டம். 2016 ஜூனிலிருந்து பிரிக்காவிட்டால் அபராதம். முதல் முறை 50 வெள்ளி, இரண்டாம் முறை 100, மூன்றாம் முறை 500. நல்ல சட்டம், கேலிக்குச் சொல்லவில்லை. குப்பை லோரிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு போகிறவர்களின் கையை நினைத்தாவது நாம் பிரித்துத்தான் வைக்க வேண்டும். நான் பிரிக்கிறேன். காகிதம் ஒரு பை, பிளாஸ்டிக் ஒரு பை, மீன்முள்ளும் கறிவேப்பிலையும் ஒரு பை. சார்டின் டின்னைக் கழுவித்தான் போடுகிறேன். கழுவுகிற தண்ணீர் படிக்கட்டில் ஏறுகிறது, அது வேறு.

மீன்முள்ளைத் தப்பான பையில் போட்டால் 50 வெள்ளி என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நாம் போகப்போவது கிம் கிம் ஆற்றுக்கு.

மாசாயில் இருப்பவனுக்கு அந்த ஆற்றின் பெயரைச் சொன்னாலே தொண்டை கரகரக்கும். 2019 மார்ச் மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு லோரி வந்தது. நம் குப்பை லோரி மாதிரி பகலில், மணியோசையோடு, எல்லாருக்கும் தெரிந்து வருகிற லோரி இல்லை. ஆற்றோரம் நின்று இரசாயனக் கழிவைத் திறந்துவிட்டுப் போனது. 20இலிருந்து 40 டன் வரை இருக்கலாம் என்று அப்போது அமைச்சுத் தரப்பில் சொன்னார்கள். பென்சீன், அக்ரோலின், அக்ரிலோநைட்ரில், டொலுவீன், சைலீன் என்று அதுவரை மாசாய்க்காரன் வாயில் நுழையாத பெயர்களெல்லாம் அந்த மாதம் மூக்கில் நுழைந்தன. மார்ச் 7ஆம் தேதி தாமான் பாசிர் பூத்தே பள்ளிப் பிள்ளைகள் முதலில் விழுந்தார்கள். மூச்சுத் திணறல், வாந்தி, தலைச்சுற்றல். 11ஆம் தேதி இரண்டாவது அலை. நடுவில் மூன்று முழு நாள் அந்த ஆறு அப்படியே ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது. 13ஆம் தேதி வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூடினார்கள். மலாய்ப்பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி என்ற பேதமே இல்லை. மலேசியாவில் ஒற்றுமையை இவ்வளவு வேகமாகக் கொண்டுவந்தது அந்தக் காற்று ஒன்றுதான். பாசிர் கூடாங் உள்ளரங்கம் ஆஸ்பத்திரி ஆனது. 6,000 பேர் வரை பாதிக்கப்பட்டார்கள், அவர்களில் 2,775 பேர் மருத்துவமனை வரை போனார்கள்.

பெரியம்மாவின் இரண்டாவது பேத்தி அப்போது முதலாம் ஆண்டு. "மூணு நாளு பச்சையா வாந்தி எடுத்தா" என்றார். சொல்லிவிட்டு, ஏதோ அதிகப்பிரசங்கித்தனமாகப் பேசிவிட்டவர் மாதிரி உடனே, "நம்ம புள்ள மட்டுமா, எல்லாப் புள்ளைங்களுந்தானே" என்றார்.

கைதுகள் நடந்தன, வழக்குகள் தொடுத்தார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் ஆற்றைச் சுத்தம் பண்ண அரசு 64 இலட்சம் வெள்ளிக்கு வேலை கொடுத்தது. அன்றைய சுற்றுச்சூழல் சட்டப்படி நச்சுக்கழிவைக் கொட்டியவனுக்கு, ஒரு குற்றத்துக்கு, அதிகபட்ச அபராதம் 5 இலட்சம் வெள்ளி. இதை இன்னொரு முறை மெதுவாகப் படியுங்கள். அள்ளுவதற்கு 64 இலட்சம், கொட்டியதற்கு அதிகம் போனால் 5. கணக்கு தெரிந்த எந்த முதலாளியும் கொட்டத்தான் செய்வான்; முறைப்படி அழிக்கக் கொடுத்தால் டன்னுக்கு இவ்வளவு என்று பில் வருமே! 2024இல் சட்டத்தைத் திருத்தி உச்ச அபராதத்தை 1 கோடி வெள்ளி ஆக்கினார்கள். ஐந்து வருடம் ஆயிற்று. குழாய்க் கட்டணத்தை ஏற்றும் முடிவு ஜனவரியில் வந்து பிப்ரவரியில் அமலாகிவிடுகிறது.

எனக்கு ஒரு நாள் கோபத்தில் தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து, பெரியம்மாவுக்குப் படித்துச் சொல்கிற பில் மாதிரியே கிம் கிம் ஆற்றுக்கும் ஒன்று எழுதிப் பார்த்தேன். போன மாத எண் என்ற இடத்தில் என்ன போடுவது? அதற்கு முன்னால் அந்த ஆற்றில் யார் யார் என்னென்ன கொட்டினார்கள் என்று எவன் எண்ணினான்? இந்த மாத எண், 20இலிருந்து 40 டன் வரை. என் வீட்டு மீட்டர் இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்று சொன்னால் ஏற்றுக்கொள்வார்களா? மூன்றாம் படிக்கே போயிருக்கும்! பெரியம்மாவின் தண்ணீரை லிட்டர்வரை அளக்கத் தெரிந்த நாடு இது; ஒரு ஆற்றையே கொன்ற விஷத்தை அளக்கும்போது மட்டும் 'அங்காரான்' போடுகிறது. துங்காக்கான் என்ற கட்டத்துக்கு வந்தபோது எழுதுவதை நிறுத்திவிட்டேன். பெயர் எழுதும் கட்டம் காலியாக இருந்தது. பில் அனுப்ப வேண்டுமென்றால் ஒரு கதவு வேண்டுமே. பெரியம்மாவுக்குக் கதவு இருக்கிறது, கதவில் எண் இருக்கிறது, கதவுக்கு வெளியே மீட்டர் இருக்கிறது. இரவில் வரும் லோரிக்குக் கதவு ஏது?

அதே 2019 ஜூனில் மறுபடியும் பாசிர் கூடாங் பள்ளிப் பிள்ளைகள் மூச்சு முட்டி விழுந்தார்கள். அதைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரைக்கும் இரண்டாம் படி, மூன்றாம் படி என்று போய்விடும்.

பெரியம்மாவோடு நானே பில் கட்டப் போனேன். மகன் ஷிப்டில் இருந்தான், மருமகள் பாலத்தில் நின்றிருந்தாள். கைப்பேசியில் கட்டலாம் என்று எத்தனை முறை சொன்னாலும் பெரியம்மாவுக்கு முத்திரை குத்திய ரசீது வேண்டும். கட்டினேன் என்பதற்குச் சாட்சி வேண்டும். தப்புப் பண்ணவில்லை என்பதற்கும் அதுதான் சாட்சி. பில்லின் கடைசியில் 63 காசு என்று இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் 65 காசு கேட்டாள்.

"ரெண்டு காசு கூட வருதே" என்றார் பெரியம்மா என்னிடம், கவுண்டருக்குக் கேட்காத குரலில்.

2008 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அப்படித்தான் பெரியம்மா, ஒரு காசு நாணயத்தை நிறுத்தியபோது கொண்டுவந்த வழக்கம், ஒன்று இரண்டு என்றால் கீழே போகும், மூன்று நாலு என்றால் ஐந்தாகிவிடும் என்று விளக்கினேன். இந்த நாட்டுக் கவுண்டரில் மூன்று காசு என்ற விலையே இப்போது கிடையாது என்றேன்.

"ஆத்துக்கு மட்டும் இருக்குன்னியே?"

அவர் சுருக்குப்பையின் கயிற்றை அவிழ்த்து, ஐந்து காசு நாணயங்களாகத் தேடித் தேடி எடுத்து, கண்ணாடிக்குக் கீழே இருந்த சந்து வழியாக ஒவ்வொன்றாகத் தள்ளினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.